கொடுத்த துப்பாக்கியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போருக்குப் போன பிரபு: கெப்பெட்டிபொலவைத் தெரியுமா?

கலகக்காரர்களை அடக்கிவிட்டு வா என்று சொல்லி, 500 ஆட்களையும் துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் கொடுத்து ஒருவரை அனுப்புகிறது ஒரு வல்லரசு. போன இடத்தில் அவர் கலகக்காரர்களோடு சேர்ந்துவிடுகிறார். அதுவல்ல ஆச்சரியம். சரித்திரத்தில் கட்சி மாறியவர்கள் ஏராளம். கட்சி மாறிய கையோடு அவர் செய்த காரியம்தான் ஆச்சரியம். வெள்ளையர் கொடுத்த அத்தனை ஆயுதங்களையும் வெள்ளையருக்கே திருப்பி அனுப்பினார்! உங்கள் ஆயுதத்தை வைத்துக்கொண்டு உங்களை எதிர்ப்பது எனக்குத் தகாது என்பது அவர் நியாயம். கையில் வந்த துப்பாக்கியை விட்டுவிட்டு, வில்லும் அம்பும் வைத்திருந்த காட்டு ஜனங்களின் பக்கம் போய் நின்றார்.

இது நடந்தது 1817 இறுதியில், இலங்கையின் ஊவா மலைநாட்டில். அவர் பெயர் மொனரவில கெப்பெட்டிபொல. ஊவாவின் திசாவை. திசாவை என்றால் மன்னருக்காக ஒரு மாகாணத்தையே ஆளும் பிரபு. வரி வாங்குவது, வழக்குத் தீர்ப்பது, படை திரட்டுவது எல்லாம் அவர் கையில். இலங்கையில் இவர் பெயரைக் கேட்டால் பள்ளிப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கோ பெயர்கூடப் பழக்கமில்லை. இந்தக் கதைக்குள் வேலூரும் இருக்கிறது, கதிர்காமமும் இருக்கிறது, துரைசாமி என்ற பெயரும் இருக்கிறது!

முதலில் அவர் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். கண்டி ராஜ்யத்தின் முதன்மை அதிகாரியாக இருந்த எஹெலபொலவின் மனைவி, கெப்பெட்டிபொலவின் சகோதரி. 1814இல் எஹெலபொல மன்னரை எதிர்த்துக் கிளம்பி, ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்துவிட்டார். கண்டியில் சிக்கிக்கொண்டது அவர் குடும்பம். மனைவி, குழந்தைகள் எல்லோருக்கும் மரண தண்டனை. கொலைக்களத்தில் மூத்த மகன் அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டு நடுங்க, இளையவன் மத்தும பண்டார முன்னால் வந்து, பயப்படாதே என்று அண்ணனுக்குத் தைரியம் சொல்லித் தானே முதலில் கழுத்தைக் கொடுத்தான் என்று பதிவாகியிருக்கிறது. பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளை! தாயைப் பிறகு ஏரியில் மூழ்கடித்தார்கள். கெப்பெட்டிபொல இழந்தது தன் சகோதரியை, சகோதரியின் பிள்ளைகளை.

இதைப் பதிவுசெய்தவர் யார் தெரியுமா? ஜான் டேவி என்ற ஆங்கிலேய ராணுவ டாக்டர். சுரங்கத் தொழிலாளர்களின் உயிர் காத்த பாதுகாப்பு விளக்கைக் கண்டுபிடித்தாரே ஹம்ப்ரி டேவி, அவருடைய சொந்தத் தம்பி! 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தார். இந்தக் கதையில் டாக்டர்கள்தான் முக்கியமான சாட்சிகள். இன்னொரு டாக்டர் பின்னால் வருவார், அவரை மறந்துவிடாதீர்கள்.

1815 பிப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தார்கள். போர்த்துகீசியராலும் ஒல்லாந்தராலும் வெல்ல முடியாத மலை ராஜ்யம், பெரிதாக ஒரு சண்டைகூட இல்லாமல் விழுந்தது. காரணம், பிரபுக்களே மன்னரைக் கைவிட்டிருந்தார்கள். பிப்ரவரி 18ஆம் தேதி மெதமகாநுவரைப் பக்கம் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2ஆம் தேதி கண்டி அரண்மனையின் சபா மண்டபத்தில், ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் படிக்கப்பட்டது. மன்னர் நீக்கப்பட்டார், ராஜ்யம் பிரிட்டிஷ் முடிக்குச் சேர்ந்தது, பௌத்த மதத்துக்கு எந்தப் பங்கமும் வராது என்று ஐந்தாம் பிரிவு உறுதி சொன்னது. அதில் கையெழுத்துப் போட்ட பிரபுக்களில் ஊவாவின் திசாவை என்று ஒருவர் இருந்தார். ஆம், கெப்பெட்டிபொலவேதான்! வெள்ளையர் ஆட்சியைக் கையெழுத்துப் போட்டு வரவேற்றவர்தான், மூன்றே ஆண்டில் அதே ஆட்சியின் தலையாய எதிரியாகத் தலையைக் கொடுத்தார்.

நீக்கப்பட்ட மன்னர் எங்கே போனார்? வேலூருக்கு! அவர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். முடிசூடுமுன் அவர் பெயர் கண்ணுசாமி. மதுரைப் பக்கத்திலிருந்து போன நாயக்கர் பரம்பரை. 1739 முதல் கண்டியை ஆண்டது அந்த வம்சம்தான். 1806இல் சிப்பாய்கள் புரட்சி செய்தார்களே, அதே வேலூர்க் கோட்டையில்தான் கண்டியின் கடைசி மன்னரைக் குடும்பத்தோடு வைத்தார்கள். 1832 ஜனவரி 30ஆம் தேதி அங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிறது. முத்து மண்டபம் என்று கேட்டால் வேலூரில் வழி காட்டுவார்கள்.

மன்னர் போனார், ஒப்பந்தம் ஆயிற்று, பிறகு ஏன் கலகம்? பிரபுக்கள் நினைத்தது ஒன்று, கிடைத்தது வேறு. மன்னர் மட்டும் மாறுவார், தங்கள் அந்தஸ்து அப்படியே இருக்கும் என்று நம்பினார்கள். அவர்கள் போகும்போது ஜனங்கள் ஒதுங்கி நின்று வணங்கிய ஊரில், ஒரு சாதாரண வெள்ளைச் சிப்பாய் ஏறிட்டுப் பார்க்காமல் கடந்து போனான். மக்களுக்கு இன்னொரு தவிப்பு. மன்னர் இல்லாத நாட்டை அவர்கள் கண்டதே இல்லை. கடலுக்கு அப்பால் எங்கோ இருக்கும் ராஜா எப்படித் தங்கள் ராஜா ஆவார்? இந்தச் சமயத்தில் வெல்லச பகுதி முஸ்லிம்களுக்குத் தலைவராக ஹாஜி மரைக்கார் என்பவரை வெள்ளையர் நியமித்தார்கள். அங்கிருந்த திசாவையின் அதிகாரம் அந்த அளவுக்குக் குறைந்தது. புகைந்துகொண்டிருந்தது பற்றிக்கொண்டது.

இங்கேதான் துரைசாமி வருகிறார். 1817இல் கதிர்காமம் பக்கத்துக் காடுகளில் ஒருவர் தோன்றினார். நான்தான் துரைசாமி, வேலூரில் இருக்கும் மன்னரின் உறவு, கதிர்காமத்துக் கடவுளே என்னை அரசனாகத் தேர்ந்தெடுத்தார் என்றார். சிங்களக் கிராமத்து மக்களும் காட்டு வேடர்களும் அவர் பின்னால் திரண்டார்கள்! யோசித்துப் பாருங்கள். தமிழ் பேசும் நாயக்கர் வம்சத்தின் பெயர், நம் முருகன் கோயில் கொண்ட கதிர்காமத்தின் அருள், சிங்கள விவசாயியின் வில், வேடரின் அம்பு. இத்தனையும் ஒரே பக்கம் நின்ற ஓர் ஆண்டு இலங்கைச் சரித்திரத்தில் உண்டு. என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே பெரிய அதிசயம் இதுதான். இன்னும் அதிகம் பேசப்படவேண்டியதும் இதுதான்.

அந்தத் துரைசாமி உண்மையான துரைசாமி இல்லை. வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. அது அப்போது வெளியே தெரியவில்லை. அவரைப் பிடிக்கப்போன ஹாஜி மரைக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போனார் பதுளையில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி வில்சன். 1817 அக்டோபரில் அம்பு பாய்ந்து அவரும் விழுந்தார். உடனே வெள்ளையர் நம்பி அனுப்பிய ஆள்தான் ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல. அவர் ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிய கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். துரைசாமியின் சபையில் அவருக்குக் கிடைத்தது முதன்மை அதிகாரி பதவி. அவர் வந்து சேர்ந்ததும் கலகத்தின் முகமே மாறிப்போனது. அதுவரை காட்டோரத்துக் குழப்பமாக இருந்ததை நாட்டுப் போராக்கியவர் அவர்தான்.

அடுத்த சில மாதங்களில் கண்டி ராஜ்யத்தின் பெரும்பகுதி எழுந்துவிட்டது. நேருக்கு நேர் நின்று சண்டை கிடையாது. ஒற்றையடிப் பாதைகளில் மறைந்திருந்து தாக்குவது, தபால்காரர்களை மடக்குவது, அரிசி மூட்டைகள் போகவிடாமல் செய்வது. தாக்கிவிட்டுக் காட்டுக்குள் கரைந்துவிடுவார்கள். வெள்ளைப் படையை அம்பைவிட அதிகமாகக் கொன்றது காய்ச்சல். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் சாலை மட்டும் அவர்களிடம் மிஞ்சியதற்குக் காரணம், மொல்லிகொட என்ற ஒரு பெரிய பிரபு கடைசிவரை அவர்கள் பக்கமே நின்றதுதான். அதுவும் போதாமல் பிரவுன்ரிக் கடல் கடந்து உதவி கேட்டார். மதராஸிலிருந்து சிப்பாய்ப் படைகள் போயின.

1818 பிப்ரவரியில் கண்டி நாடு முழுக்க ராணுவச் சட்டம். ஊவாவிலும் வெல்லசவிலும் ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். நெல் எரிந்தது, கால்நடைகள் அழிந்தன, நீர்ப்பாசனம் பாழானது. செத்தவர் எத்தனை பேர் தெரியுமா? பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 1,000, கண்டி மக்கள் தரப்பில் சுமார் 10,000 என்று டாக்டர் டேவி மதிப்பிட்டிருக்கிறார். படை எடுத்த பக்கத்து டாக்டர் சொல்லும் கணக்கு இது என்பதை மறக்கக்கூடாது. நெல் விளைந்து செழித்த ஊவா அதற்குப்பின் பல தலைமுறைகளுக்குத் தலைதூக்கவில்லை.

புத்தரின் புனிதப் பல் கண்டி தலதா மாளிகையில் இருக்கிறதல்லவா? அது யாரிடம் இருக்கிறதோ அவரே நாட்டை ஆளத் தக்கவர் என்பது கண்டி மக்களின் நம்பிக்கை. கலகக் காலத்தில் அந்தப் பல், பிக்குகள் வழியாக ரகசியமாகக் கண்டியை விட்டு வெளியேறி, கலகக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது! வெள்ளையர் கையில் கோட்டை இருந்தது, பீரங்கி இருந்தது, ஆனால் ஜனங்கள் கண்ணில் ஆளும் உரிமை காட்டுக்குள் இருந்தது. 1818 கடைசியில் அந்தப் பல் மறுபடி வெள்ளையரிடம் அகப்பட்டபோதுதான் மக்களின் மனம் உடைந்தது.

அதற்குள் வேஷமும் கலைந்திருந்தது. துரைசாமி துரைசாமி இல்லை என்று தெரிந்ததும், கலகத் தலைவர்களில் ஒருவரான மடுகல்ல அவரைப் பிடித்துத் தொழுமரத்தில் மாட்டிவைத்தார். ஒற்றுமை சிதறியது. பசியும் சேர்ந்துகொண்டது. பிரபுக்கள் ஒவ்வொருவராகச் சரணடைந்தார்கள். கெப்பெட்டிபொல வடக்கே அனுராதபுரம் பக்கத்துக் காட்டுப்பகுதிக்கு விலகினார். அக்டோபர் 28ஆம் தேதி ஓ'நீல் என்ற லெப்டினன்ட் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்தார். உள்ளே இருந்தவர் ஓடவில்லை. வாசலுக்கு வந்து அந்த அதிகாரியின் கையைப் பற்றி, நான்தான் கெப்பெட்டிபொல என்றார். அவ்வளவுதான்.

நவம்பரில் கண்டியில் ராணுவ நீதிமன்றம் கூடியது. தண்டனை, சிரச்சேதம்.

இனி அந்தக் கடைசிக் காலைப்பொழுது. இதை நேரில் அறிந்து எழுதியவர்தான் நான் சொன்ன இரண்டாவது டாக்டர். பெயர் ஹென்றி மார்ஷல், ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவ டாக்டர். அவர் எழுதிவைக்காவிட்டால் பின்வரும் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

கெப்பெட்டிபொலவும் மடுகல்லயும் கேட்டுக்கொண்டபடி இருவரையும் முதலில் தலதா மாளிகைக்கு அழைத்துப் போனார்கள். சன்னிதி வாசலில் கெப்பெட்டிபொல மண்டியிட்டார். பிக்கு ஒருவர், அவர் வாழ்நாளில் செய்த புண்ணியங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்: கோயில்களுக்குக் கொடுத்தது, பிக்குகளுக்குச் செய்தது, மற்ற தர்மங்கள். பிறகு அவருடைய கடைசி வேண்டுதல். அடுத்த பிறவி இமயமலையில் அமையவேண்டும், முடிவில் நிர்வாணம் கிட்டவேண்டும். பிக்கு ஆசீர்வதித்தார். அப்போது கெப்பெட்டிபொல இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கோயிலுக்குக் காணிக்கையாக வைத்தார். சொத்தெல்லாம் பறிமுதலான ஒரு பிரபுவிடம் கோயிலுக்குக் கொடுக்க மிஞ்சியிருந்தது அதுதான். பழசு, கிழிசல், ஆனாலும் கொடுக்கிற புண்ணியம் குறையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். இன்னும் சிறிது நேரத்தில் தலை போகப்போகிற மனிதர்!

மடுகல்லவால் தாங்க முடியவில்லை. சன்னிதிக்குள் ஓடி உயிர்ப்பிச்சை கேட்டார், இழுத்து வந்தார்கள். அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஓராண்டு காட்டில் போராடியவர் அவரும். மரணத்தின் முன் எல்லோருக்கும் ஒரே நெஞ்சு அமைவதில்லை.

கோயிலில் சைமன் சாயர்ஸ் என்ற வெள்ளை அதிகாரி இருந்தார். பதுளையில் கெப்பெட்டிபொலவோடு சேர்ந்து வேலை செய்தவர், நண்பர். கொலைக்களம்வரை கூட வருகிறீர்களா என்று கேட்டார் கெப்பெட்டிபொல. சாயர்ஸால் முடியவில்லை, மறுத்துவிட்டார். இருவரும் கைகுலுக்கி விடைபெற்றார்கள்.

இடம், ஏரிக்கரையை அடுத்த போகம்பரை. கெப்பெட்டிபொல தண்ணீர் கேட்டு வாங்கி முகமும் கையும் கழுவினார். கழுத்து தெரியும்படி முடியை உச்சியில் அள்ளிக் கொண்டையாக முடிந்தார். தரையில் ஒரு சிறு செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டார். அசையாமல் இருக்கத்தான்! மடியிலிருந்து ஒரு சிறிய பௌத்த வழிபாட்டு நூலை எடுத்தார். சில சூத்திரங்களை வாசித்துவிட்டு அங்கிருந்த அதிகாரியிடம் கொடுத்தார். இதை சாயர்ஸிடம் சேர்த்துவிடுங்கள், அவர் காட்டிய அன்புக்கு என் நன்றி என்றார். தன்னைக் கொல்லும் அரசாங்கத்தில் ஓர் ஊழியருக்கு, தன் கடைசிச் சொத்தை நினைவுப் பரிசாக!

பாலி மொழிச் செய்யுள்களை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாள் பின்கழுத்தில் இறங்கியது. முதல் வெட்டில் உயிர் போகவில்லை. அந்தக் கணத்தில் அவர் வாயிலிருந்து வந்தது, அரஹான் என்ற புத்தரின் திருநாமம். இரண்டாவது வெட்டில் சாய்ந்தார். கண்டி வழக்கப்படி, துண்டித்த தலையை அவர் மார்பின்மேலேயே வைத்தார்கள்.

மார்பில் வைத்த தலை அங்கே நிலைத்ததா? இல்லை! அந்த மண்டையோடு எடின்பரோவுக்குப் போனது. எடுத்துப் போனவர் யார் தெரியுமா? இத்தனை மரியாதையோடு அவர் முடிவை எழுதிய அதே டாக்டர் மார்ஷல்!

அந்தக் காலத்து ஐரோப்பாவில் மண்டையோட்டியல் என்று ஒரு மோகம். வியன்னாவில் வாழ்ந்த கால் என்ற மருத்துவர் கிளப்பிவிட்டது. மூளையின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு குணத்துக்கு இருப்பிடம், எந்தக் குணம் மிகுதியோ அந்த இடத்தில் மண்டை புடைத்திருக்கும், ஆகவே மேட்டையும் பள்ளத்தையும் தடவிப் பார்த்து ஒருவன் வீரனா, திருடனா, பக்திமானா என்று சொல்லிவிடலாம் என்றார்கள். 1820இல் எடின்பரோவில் இதற்கென்றே ஒரு சங்கம் உருவானது. உலகெங்கிலும் இருந்து மண்டையோடுகள் வந்து குவிந்தன. கொலைகாரர்களுடையதும் இருந்தன, வெல்லப்பட்ட தேசங்களின் மக்களுடையதும் இருந்தன. ஊவாவின் திசாவையும் அந்த அலமாரியில் ஒரு மாதிரிப் பொருளானார். மண்டையோட்டியல் முழுப் பொய் என்று அறிவியல் தள்ளிவிட்டது. மண்டையோடு மட்டும் அங்கேயே கிடந்தது. இலங்கை சுதந்திரம் பெற்று, 1954இல்தான் கெப்பெட்டிபொல ஊர் திரும்பினார். 136 ஆண்டுகள்!

மார்ஷலைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1846இல் வெளியான தன் நூலில், இந்தக் கலகம் வென்றிருந்தால் கெப்பெட்டிபொலவைத் துரோகி என்று தண்டித்திருக்க மாட்டார்கள், தேசபக்தர் என்று போற்றியிருப்பார்கள் என்ற கருத்தை வெளிப்படையாகவே எழுதினார். வென்ற பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி எழுத நேர்மை வேண்டும். அந்த நேர்மையும் அந்த மண்டையோட்டைத் தூக்கிப்போன கையும் ஒரே மனிதருடையவை. இரண்டையும் சேர்த்தே அவரை நினைக்கவேண்டியிருக்கிறது.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? மடுகல்லயும் அதே களத்தில் வெட்டுண்டார். எஹெலபொலவை, குற்றம் எதுவும் நிரூபிக்காமலே 1818இல் பிடித்து, பின்பு மொரீஷியஸுக்கு நாடுகடத்தினார்கள். 1829இல் அங்கேயே இறந்தார், சமாதியும் அங்கேதான். போலித் துரைசாமி பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்து, பிறகு பிடிபட்டு, மன்னிக்கப்பட்டார்! 1818 நவம்பரிலேயே புதிய பிரகடனம் ஒன்று வந்து, ஒப்பந்தத்தில் பிரபுக்களுக்குச் சொன்ன உரிமைகளைச் சுருக்கியது. 1815இல் கைப்பற்றிய கண்டியின் சிம்மாசனம் இங்கிலாந்தின் வின்ட்சர் அரண்மனையில் இருந்தது. அது 1934இல் திரும்பி வந்தது. சிம்மாசனம் திரும்பி 20 ஆண்டு கழித்துத்தான் கெப்பெட்டிபொலவின் தலை திரும்பியது.

இன்னும் கேளுங்கள். 1818 ஜனவரியில் வெளியான அரசு அறிவிப்பு, கெப்பெட்டிபொல உள்ளிட்ட 19 பேரைக் கலகக்காரர்கள், பிரிட்டிஷ் முடியின் எதிரிகள் என்று பெயர் சொல்லி அறிவித்தது, சொத்துகளைப் பறித்தது. அந்த அறிவிப்பை முறைப்படி ரத்துசெய்து அவர்களைத் தேசிய வீரர்களாக்கியது எப்போது? 2016இல்! சுதந்திரம் வந்து 68 ஆண்டுகள்வரை, காகிதத்தில் அவர்கள் துரோகிகளாகவே இருந்திருக்கிறார்கள்.

2019இல் எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடம் இருந்த 9 வேடர்களின் மண்டையோடுகளை இலங்கையின் வேடர் தலைவரிடம் ஒப்படைத்தது. கெப்பெட்டிபொலவுக்காவது ஒரு பெயர் இருந்தது, கேட்க ஒரு நாடு இருந்தது. அந்த ஒன்பது பேர் வீடு திரும்ப இன்னும் 65 ஆண்டுகள் ஆயின.

கண்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் தலதா மாளிகைக்குப் போகிறோம். வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். மாளிகைக்கு எதிரிலேயே கெப்பெட்டிபொலவின் நினைவுச் சின்னம் இருக்கிறது. திரும்பி வந்த அந்த மண்டையோடு அதனுள்தான் இருக்கிறது. அடுத்த முறை போனால் அங்கேயும் ஐந்து நிமிஷம் நில்லுங்கள், பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லுங்கள். கண்டிவரை போக முடியாதவர்கள் வேலூர் முத்து மண்டபத்துக்காவது ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.